அவனிடம் கேட்கக் கூடாது

அன்புள்ள சார்,

கலிஃபோர்னியாவில், பெர்க்லியில் ஆய்வு மாணவனாக இருக்கிறேன். எங்கள் பல்கலைக்கழகத்துக்கும் ஸ்டான்ஃபோர்டுக்கும் ஆண்டுதோறும் நடக்கும் ‘பிக் கேம்’ ஆட்டத்தை முதல்முறையாகப் பார்த்தேன். பிறகு பழைய முடிவுகளைத் தேடினேன். 1892இலிருந்து அமெரிக்கக் கால்பந்து (நம்மூர் ஃபுட்பால் இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது). ஆனால் 1906 முதல் 1914 வரை ரக்பி என்று இருக்கிறது. சாவுகள் நடந்ததால் இரண்டு பல்கலைக்கழகத் தலைவர்களும் ஆட்டத்தையே மாற்றிவிட்டார்களாம். ஆடுகிறவர்களைக் கேட்காமல் இப்படி மாற்றுவது அதிகாரத் திமிர் இல்லையா? அன்று அடிபட்டாலும் எழுந்து ஆடினார்கள், அதில் ஒரு வீரம் இருந்தது. இன்று தலையில் லேசாகத் தட்டினாலே வெளியே உட்கார வைக்கிறார்கள். ரக்பி, அமெரிக்கக் கால்பந்து இரண்டில் எது கடினமானது? இதைப் பற்றித் தமிழில் படிக்க ஏதாவது உண்டா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

தமிழில் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. நீங்களே எழுதலாம், அந்த ஊரிலேயே இருக்கிறீர்கள். எது கடினம் என்பதைப் பிறகு பார்ப்போம். ‘அடிபட்டாலும் எழுந்து ஆடினார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் என்னை மூன்று நாளாகத் தூங்கவிடவில்லை.

எழுந்து ஆடியவர்களைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரிகிறது. எழாதவர்களும் இருந்தார்கள். 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் 18 பேர் இறந்ததாக சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் கணக்கு வெளியிட்டது. பலர் பள்ளிக்கூடப் பையன்கள். அன்றைய ஆட்டத்தில் மூன்று முயற்சிக்குள் ஐந்து கஜம் முன்னேற வேண்டும். பந்தை முன்னால் எறியக்கூடாது. அப்படியிருந்தால் என்ன செய்வார்கள்? கையோடு கை கோத்துக்கொண்டு, பந்து வைத்திருப்பவனை நடுவில் விட்டு, எதிரணியில் பலவீனமான ஒருவன்மேல் மொத்தமாகப் போய் விழுவார்கள். தலைக்கவசம் கட்டாயம் கிடையாது. அது கட்டாயமானது 1939இல்தான். முரட்டு ஆட்டத்தை மனதார விரும்பியவர் அன்றைய ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட். ஹார்வர்டில் முதலாண்டு மாணவர் அணியில் அவர் மகனே ஆடிக்கொண்டிருந்தான். அவரே அந்த அக்டோபரில் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டு, ஆட்டத்தைச் சுத்தப்படுத்துங்கள் என்று சொல்ல வேண்டிவந்தது. அடுத்த மாதம் 25ஆம் தேதி, யூனியன் கல்லூரியின் ஹெரால்ட் மூர் ஒருவனைப் பிடித்து வீழ்த்தப் போய்த் தலையில் அடிபட்டான். சில மணி நேரத்தில் மூளையில் ரத்தக்கசிவு, இறந்துபோனான்.

அதற்கப்புறம் கிழக்கே விதிகளை மாற்றினார்கள். 1906இல் பந்தை முன்னால் எறியலாம் என்றார்கள், ஐந்து கஜத்தைப் பத்தாக்கினார்கள். அதுவும் போதவில்லை. 1909இல் சாவுகள் மறுபடி கூடின. கை கோத்துத் தள்ளுவதை 1910இல்தான் தடுத்தார்கள். மேற்கே, ஸ்டான்ஃபோர்டின் தலைவர் டேவிட் ஸ்டார் ஜோர்டனும் பெர்க்லியின் தலைவர் பெஞ்சமின் ஐட் வீலரும் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. அந்த ஆட்டமே வேண்டாம், ரக்பி ஆடுங்கள் என்றார்கள். மாணவர்கள் கொதித்தார்கள்தான். பாரம்பரியம் போச்சு என்றார்கள். பதினான்கு வயது ஆட்டத்துக்கு என்னய்யா பாரம்பரியம்!

அந்த 1906ஐக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பிப்ரவரியில் நியூசிலாந்தின் ஆல் பிளாக்ஸ் ரக்பி அணி இங்கிலாந்துப் பயணம் முடித்துத் திரும்பும் வழியில், உங்கள் பெர்க்லியிலேயே பிரிட்டிஷ் கொலம்பியா அணியோடு ஆடிக்காட்டியது. ஏப்ரல் 18இல் பூகம்பம். ஸ்டான்ஃபோர்டில் கட்டிக்கொண்டிருந்த நூலகமும் உடற்பயிற்சிக் கூடமும் இடிந்து விழுந்தன. இலையுதிர்காலத்தில் அந்த வளாகத்துக்குத் திரும்பி வந்த பையன்கள்தான் புது ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார்கள். அதுவரை அமெரிக்கக் கால்பந்துக்குப் பயிற்சி கொடுத்த ஜேம்ஸ் லனகனே ரக்பிக்கும் பயிற்சியாளர். நவம்பரில் பிக் கேம் நடந்தது. ஸ்டான்ஃபோர்ட் 6, உங்கள் ஆட்கள் 3.

ரக்பி ஒன்றும் பூப்பந்து இல்லை. 1913இல் ஆல் பிளாக்ஸ் மறுபடி வந்து, பெர்க்லியில் அமெரிக்க அணியை 51–3 என்று துவைத்துப் போட்டார்கள். ஆனால் அதிலே பிடிபட்டவன் பந்தை விட்டுவிட வேண்டும். பந்தோடு ஓடுகிறவனுக்கு முன்னால் ஆள் போய் எதிரணியை இடித்து வழி பண்ணக்கூடாது. உங்கள் பல்கலைக்கழகம் 1915இல் பழைய ஆட்டத்துக்கே திரும்பியது, வாஷிங்டன் பல்கலைக்கழகத்திடம் 72–0 என்று தோற்றது. ஸ்டான்ஃபோர்ட் 1917 வரை ரக்பி ஆடியது. 1920, 1924 ஒலிம்பிக் ரக்பியில் தங்கம் வாங்கியது யார் என்று தேடிப் பாருங்கள். 1924இல் பாரிஸில், பிரான்ஸையே அதன் சொந்த மண்ணில் 17–3 என்று வென்றது அமெரிக்கா. ஸ்டான்ஃபோர்ட், பெர்க்லி, சான்டா கிளாராவில் படித்த பையன்கள் அந்த அணியில் இருந்தார்கள்.

சரி, ‘ஆடுகிறவர்களைக் கேட்காமல்’ என்கிறீர்கள். ஒருமுறை நான் கேட்டிருக்கிறேன்.

எங்கள் கல்லூரி ஃபுட்பால் அணிக்கு நான் கேப்டன். கல்லூரிகளுக்கிடையே இறுதிப் போட்டி, செம்மண் மைதானம், இடைவேளைக்குப் பத்து நிமிடம் இருக்கிறது. கார்னர் உதைக்கு என் அறைத்தோழனும் எதிரணிக்காரன் ஒருவனும் ஒரே பந்துக்கு எம்பினார்கள். இரண்டு மண்டையும் மோதிய சத்தம் தேங்காய் உடைத்த மாதிரி கேட்டது. இவன் அப்படியே மல்லாக்க விழுந்தான். ஓடிப்போய்ச் சோடாவை உடைத்து முகத்தில் அடித்தோம். கண்ணைத் திறந்தான். யாரோ விரலை நீட்டினார்கள், மூன்று என்று சரியாகச் சொன்னான். நான் குனிந்து, “ஆடுவியாடா?” என்று கேட்டேன். தலையாட்டினான். அவன் ஆடினான், நாங்கள் ஜெயித்தோம். வெற்றிக்கான கோலுக்குப் பந்து கொடுத்ததே அவன்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். மடியில் கோப்பை. என் பக்கம் திரும்பி, “மேட்ச் எத்தனை மணிக்குடா?” என்றான். விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று எல்லோரும் சிரித்தோம். அஞ்சு நிமிடம் கழித்து மறுபடி அதையே கேட்டான். நாலாவது முறை கேட்டபோது பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் பருவத்தேர்வை அவன் எழுதவில்லை. புத்தகத்தைத் திறந்தால் எழுத்து நகர்கிறது என்பான். டியூப் லைட் வெளிச்சம் தாங்காமல் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வான். குணமாக எட்டு மாதம் ஆனது. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது விழுந்தால் மூளை வீங்கி உயிரே போகலாம் என்பதை நான் பின்னால்தான் படித்தேன். இரண்டாம் பாதியில் அவன் தலையால் முட்டிய பந்துகளை இன்றைக்கும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன்.

தலையில் அடிபட்டவனிடம் ஆடுவியா என்று கேட்கிறவன் மடையன், எஸ். அவன் என்ன சொல்வான்? இருபது வயது, சுற்றிலும் கூட்டம், கேப்டன் முகத்துக்கு நேரே கேட்கிறான். நான் கேட்டிருக்கவே கூடாது. கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்திருக்க வேண்டும். ஜோர்டனும் வீலரும் எல்லாவற்றிலும் சரியானவர்கள் என்று சொல்ல மாட்டேன். இதை மட்டும் செய்தார்கள். மாணவர்கள் திட்டுவார்கள் என்று தெரிந்தே செய்தார்கள். அதை நீங்கள் அதிகாரத் திமிர் என்கிறீர்கள். எங்கள் மைதானத்தில் அன்றைக்கு அந்தத் திமிர் உள்ள பெரியவர் ஒருவர்கூட இல்லை.

கோபமாக எழுதிவிட்டேனோ? பழைய முடிவுகளைத் தேடிப் படிக்கிற பையன் நீங்கள், உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

எது கடினம் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் வளாகத்துக்கு மேலே ஸ்ட்ராபெரி கேன்யனில் விட்டர் ரக்பி மைதானம் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை ஆட்டமிருந்தால் போய்க் கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்று பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.