பாப் குழுவின் பெயரை டி-சர்ட்டில் அச்சடித்தால் நிறுவனங்கள் ஏன் உடனே நோட்டீஸ் விடுகின்றன?

டிரேட்மார்க் என்பது சரக்கு யாருடையது என்று காட்டும் அடையாளம். கொரிய பாப் குழுக்களுக்கு அந்தப் பெயரே மூலதனம். இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரும் நிறுவனம், பாட்டோடு ஃபோட்டோ கார்டு, லைட் ஸ்டிக், டி-சர்ட் எல்லாம் விற்றுத்தான் போட்ட காசை எடுக்கிறது. பாடகர்கள் வெளியேறினாலும் பெயர் பெரும்பாலும் நிறுவனத்திடமே நிற்கும். 'பீஸ்ட்' குழுவினர் பழைய நிறுவனத்தை விட்டுவந்த பிறகு, 2017-ல் 'ஹைலைட்' ஆனது அப்படித்தான்.

நம்ம தென்னை விளைக்குள் அடுத்தவர் தடையில்லாமல் 20 வருஷம் நடந்துவிட்டால் வழி உரிமை கேட்பார் இல்லையா? அந்தப் பயம்தான் இங்கேயும்: அடுத்தவர் பெயரைப் பயன்படுத்துவதைப் பார்த்தும் சும்மா இருந்தால், பிறகு உரிமையை நிலைநாட்டுவது கஷ்டமாகிவிடும். வேலி கட்டுவது சரி. சிலர் அதைப் பொதுக் குளக்கரை வரை, அதாவது தங்கள் உரிமைக்கு வெளியேயும், இழுத்துவிடுகிறார்கள் என்பதுதான் வம்பு.

நாகர்கோவிலில் டி-சர்ட் அச்சடிப்பவருக்கு நோட்டீஸ் வந்தால் முதலில் டிரேட்மார்க் பதிவெண்ணையும், எந்த வகைப் பொருளுக்குப் பதிவு என்று காட்டும் வகுப்பையும் பாருங்கள். உடைகளுக்கு வகுப்பு 25. பதிவு 10 ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். அரசின் இணையப் பதிவேட்டில் இலவசமாகத் தேடலாம். பதிவு உயிரோடு இருந்தால் விற்பனையை நிறுத்துவதே நல்லது, ஓரெழுத்தை மாற்றினாலும் தப்ப முடியாது. ரசிகர் கூட்ட அறிவிப்பில் குழுவின் பெயரைச் சொல்வது வேறு விஷயம். ஆதாரமில்லாத மிரட்டல் என்றால், 1999 டிரேட்மார்க் சட்டத்தின் 142-ஆம் பிரிவில் நீங்களே வழக்குப் போடலாம்.

வக்கீல் நோட்டீஸைக் கோர்ட் உத்தரவு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது எதிர்த்தரப்பின் வாதம் மட்டுமே, ஆனால் பதில் அனுப்பாமல் விடவும் கூடாது.