பண்டிகைக்கு ஊருக்குக் கிளம்பறீங்களா? கேளுங்க, சொல்றேன்

(ஈரோடு ஜங்ஷனில் முன்பதிவு கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது சென்னிமலைப் பக்கம் பண்ணையம் பார்ப்பவர், வாசகர்களின் பயணக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

திருப்பூரில் பனியன் கம்பெனியில் நான் டெய்லர், வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். சொந்த ஊர் போடி. போனஸ் கைக்கு வருவதே தீபாவளிக்கு மூணு நாலு நாள் இருக்கும்போதுதான். அதன்பிறகு ஆம்னி பஸ்ஸில் டிக்கெட் கேட்டால், அவர்கள் சொல்லும் விலையில் போனஸில் பாதி காலி. இரண்டு குழந்தைகள் வேறு. என்ன வழி?
— வாசகி, திருப்பூர்

போனஸ் வந்தால்தான் துணி எடுக்க முடியும், அது சரி. ஆனால் டிக்கெட்டுக்கு ஏன் போனஸ் வரைக்கும் காத்திருக்க வேண்டும்? ரயிலில் 60 நாளைக்கு முன்னாலேயே முன்பதிவு திறந்துவிடும். முன்பு 120 நாள் இருந்ததை 2024 நவம்பர் 1 முதல் குறைத்துவிட்டார்கள். கம்பெனிக்காரர் லீவு தேதியைக் கடைசியில்தான் சொல்வார் என்பீர்கள். பரவாயில்லை, குத்துமதிப்பாக ஒரு தேதிக்கு எடுத்து வையுங்கள். தேதி மாறினால் முன்கூட்டியே ரத்து செய்துவிடலாம், பிடிக்கிற பணம் கொஞ்சம்தான். ஆம்னி பஸ்ஸுக்குக் கூடுதலாக அழுவதோடு ஒப்பிட்டால் அது ஒரு காசே இல்லை.

உங்கள் ஊருக்குத் தோதான வண்டி, காலையில் கோவையில் புறப்பட்டுத் திருப்பூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல் வழியாக மதுரை போகும் நாகர்கோவில் ரயில். மதுரையில் இறங்கி ஆரப்பாளையம் போனால் தேனி பஸ் வந்துகொண்டே இருக்கும். ராத்திரி போகிற நாகர்கோவில் வண்டியும் உண்டு. ஆனால் அது நடுச்சாமத்தில் மதுரையில் இறக்கிவிடும், குழந்தைகளோடு விடியும்வரை பிளாட்பாரத்தில் உட்கார முடியாது. அந்த வண்டி வேண்டாம். குழந்தைக்கு 5 வயது ஆகவில்லை என்றால் டிக்கெட்டே வேண்டாம். 5 முதல் 12க்குள் என்றால், தனியாகப் படுக்கையோ சீட்டோ கேட்காதவரை அரை டிக்கெட்.

ரயில் கிடைக்கவில்லையா? அப்போதும் ஒரு வழி இருக்கிறது, அதற்குக் கொஞ்சம் மனசைக் கட்டுப்படுத்த வேண்டும். கம்பெனி மூடுகிற அன்றைக்குச் சாயங்காலம் திருப்பூரே பஸ் ஸ்டாண்டில் நிற்கும். நீங்களும் ஏன் அந்தக் கும்பலில் போய் நிற்க வேண்டும்? அன்றைக்கு ராத்திரி வீட்டில் ரசம் சோறு சாப்பிட்டுத் தூங்குங்கள். விடிகாலை நாலு மணிக்குக் கோவில்வழி ஸ்டாண்டுக்குப் போங்கள். தேனி பஸ்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், தாராபுரம் பஸ் வந்தால் அதில் ஏறுங்கள். அங்கிருந்து ஒட்டன்சத்திரம், பிறகு திண்டுக்கல், வத்தலக்குண்டு, தேனி. மாறி மாறிப் போவது சலிப்புத்தான். ஆனால் அரசு பஸ்ஸில் தீபாவளி என்பதற்காக டிக்கெட் விலை மூன்று மடங்கு ஆகாது. நடுவில் இறங்கி டீ குடிக்கலாம், குழந்தைகளை ஒன்றுக்கு விட்டுக் கூட்டி வரலாம். மதியச் சோறு உங்கள் அம்மா வீட்டில்.

திரும்பி வருவதைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை பாருங்கள். எல்லோரும் இதில்தான் மாட்டுவார்கள். போகும்போது கூட்டம் இரண்டு மூன்று நாளில் பிரிந்து போகும், வரும்போது ஒரே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தில் மொத்தமாக வந்து குவியும். தீபாவளி முடிந்து கம்பெனி முழு வேகத்துக்கு வரச் சில நாள் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். சூப்பர்வைசரிடம் முன்னாலேயே பேசி, செவ்வாய் அல்லது புதன் பகலில் திரும்புகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் சம்பளம் போனாலும் நாலு பேர் ஆம்னி டிக்கெட்டை விட அது குறைவாகத்தான் இருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆம்னியில்தான் போயாக வேண்டும் என்றால், டிக்கெட்டில் அச்சடித்த தொகைக்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். அநியாய விலை என்றால் 1800 425 6151 என்ற போக்குவரத்துத் துறை எண்ணுக்குச் சொல்லலாம்.

வெயிட்டிங் லிஸ்ட் 18 இருக்கிறது. கன்பர்ம் ஆகுமா? ஒவ்வொரு மணி நேரமும் போனைப் பார்த்துப் பார்த்துக் கண்ணே வலிக்கிறது.
— வாசகர், கரூர்

கவுண்டரில் இருந்த காலத்திலும் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். ஜோசியம் சொல்லத் தெரிந்திருந்தால் நான் அங்கே ஏன் உட்கார்ந்திருக்கப் போகிறேன்? ஆனால் 18 என்ற எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், அதற்கு முன்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். ஜிஎன்டபிள்யூஎல் என்றிருந்தால் அது பொதுப் பட்டியல், வண்டியின் பெரிய ஒதுக்கீட்டிலிருந்து இடம் விழும், நம்பிக்கை வைக்கலாம். ஆர்எல்டபிள்யூஎல் அல்லது பிக்யூடபிள்யூஎல் என்றால் நடு வழி ஊர்களுக்கென்று ஒதுக்கிய சின்னப் பட்டியல். அதில் 18 என்பது, அதுவும் பண்டிகை வாரத்தில், கொஞ்சம் கஷ்டம். அதனால் முடிந்தவரை வண்டி புறப்படும் ஊரிலிருந்தே எடுங்கள். சென்னைக்குப் போக ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஈரோட்டில்தான் கிளம்புகிறது, சேரன் கோவையில் கிளம்புகிறது.

சார்ட், அதாவது யாருக்கு எந்த இடம் என்ற கடைசிப் பட்டியல், இப்போது முன்பைப் போல நாலு மணி நேரத்துக்கு முன்னால் இல்லை, அதைவிட நன்றாக முன்னாலேயே போட்டுவிடுகிறார்கள். ஆன்லைன் டிக்கெட் சார்ட்டுக்குப் பிறகும் வெயிட்டிங்கிலேயே இருந்தால் தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். ஆக, நீங்கள் செய்ய வேண்டியது மாற்றாக ஒரு அரசு விரைவு பஸ் டிக்கெட்டைப் பார்த்து வைப்பது. அப்புறம் போனை மேசை மேல் வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

அப்பாவுக்கு 67, அம்மாவுக்கு 61. நாங்கள் ஐந்து பேர் ஒரே டிக்கெட்டில் சென்னைக்குப் பதிவு செய்தோம். அப்பாவுக்கு அப்பர் பெர்த் வந்துவிட்டது. முதியோர் என்று வயதைப் போட்டும் ஏன் இப்படி? முதியோர் சலுகையும் காணவில்லையே?
— வாசகி, பொள்ளாச்சி

சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, இன்னும் திரும்பி வரவில்லை. அதைப் பற்றி எனக்கும் கோபம்தான், ஆனால் கோபப்பட்டு டிக்கெட் விலை குறையாது.

கீழ்ப் படுக்கை விஷயத்தில் தவறு ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டதுதான். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப் படுக்கையில் தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அவர்கள் ஒருவராகவோ இருவராகவோ தனி டிக்கெட்டில் இருந்தால்தான் அந்த ஒதுக்கீட்டில் வரும். கூட உங்கள் பையனைச் சேர்த்தால் கணினி பொது இடத்தைப் பார்க்கப் போய்விடும். அடுத்த முறை அப்பா அம்மாவுக்கு ஒன்று, உங்கள் மூவருக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்து எடுங்கள். பெட்டி வேறாக வந்தாலும் பரவாயில்லை, வயதானவர் ஏணியில் ஏறுவதை விட அது மேல். இந்த முறைக்கு வண்டியில் வரும் டிக்கெட் பரிசோதகரிடம் (டிடிஇ) கேளுங்கள், காலியாகும் கீழ்ப் படுக்கையை வயதானவர்களுக்கு மாற்றித் தர அவருக்கு வழி உண்டு. எதிரில் உட்கார்ந்திருக்கும் காலேஜ் பையனிடம் கேட்டாலும் பெரும்பாலும் மாற்றிக்கொள்வான். அதிகாரமாகக் கேட்காமல், "கண்ணு, தாத்தாவுக்கு முட்டி வலி" என்று கேட்க வேண்டும்.

மைசூர் தசராவுக்குக் காரில் போகலாம் என்று இருக்கிறோம். விஜயதசமி அன்றைக்கு யானை ஊர்வலம் பார்த்துவிட்டு ராத்திரியே திரும்பிவிட்டால் ரூம் வாடகை மிச்சம் என்கிறார் என் மச்சான். சரிதானா?
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

மச்சான் திம்பம் ரோட்டை மறந்துவிட்டார். சத்தியமங்கலம் காட்டுக்குள் அந்தப் பாதையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டி விடமாட்டார்கள். ஜம்பு சவாரி என்கிற அந்த யானை ஊர்வலம் முடிந்து, அந்த நெரிசலிலிருந்து காரை வெளியே எடுத்து, நஞ்சன்கூடு, சாம்ராஜ்நகர் தாண்டி, ஒன்பதுக்குள் காட்டைக் கடந்து பண்ணாரி இறங்குவது நடக்கிற காரியமில்லை. செக்போஸ்டில் காருக்குள்ளேயே விடியும்வரை உட்கார வேண்டியதுதான். பந்திப்பூர் வழியாக வரலாம் என்று யோசித்தால் அங்கேயும் அதே ஒன்பது மணி.

விஜயதசமி ராத்திரி மைசூரில் தங்குகிற ரூம்தான் வருஷத்திலேயே விலை கூடின ரூம். அதனால் நான் சொல்வது, அந்த ஒரு நாளையே விட்டுவிடுங்கள். நவராத்திரி ஆரம்பத்தில், வாரநாளில் போங்கள். அரண்மனை விளக்கலங்காரம் தசரா நாட்களில் தினமும் உண்டு. நஞ்சன்கூட்டில் ரூம் எடுத்தால் இன்னும் மலிவு, கோயிலும் பார்த்த மாதிரி ஆச்சு. சொல்லப்போனால் தசராவே வேண்டாம் என்றாலும் சரிதான். வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் மாலையில் கொஞ்ச நேரம் அரண்மனைக்கு விளக்குப் போடுகிறார்கள். ஊர்வலத்தை டிவியில் பார்த்தால் யானையின் முகமாவது தெரியும், நேரில் முன்னால் நிற்பவரின் தலைதான் தெரியும்.

போகும்போதும் காலை ஆறு மணிக்குப் பண்ணாரி செக்போஸ்டில் முதல் ஆளாக நிற்க வேண்டும் என்று அடித்துப் பிடித்துக் கிளம்பாதீர்கள். ராத்திரி முழுக்கக் காத்திருந்த லாரிகள் அந்த நேரத்தில்தான் வரிசையாக ஏறும், 27 கொண்டை ஊசி வளைவிலும் அவற்றின் பின்னால் ஊர்ந்துகொண்டு போக வேண்டி வரும். அம்மனைக் கும்பிட்டு, இட்லி சாப்பிட்டு, ஒரு மணி நேரம் தள்ளி ஏறுங்கள். ஆசனூர், காரப்பள்ளம் பக்கம் கரும்பு லாரிக்காக யானை ரோட்டுக்கு வருவது உண்டு. செல்ஃபி எடுக்க இறங்க வேண்டாம். இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே வாருங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும்.

பரீட்சை லீவுக்கு ஊட்டி போக இ-பாஸ் வேண்டுமாமே? பஸ்ஸில் போனாலுமா?
— வாசகி, அவிநாசி

வெளி மாவட்டத்துச் சொந்த வண்டிக்கு வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வந்தது. பாஸுக்குக் கட்டணம் இல்லை, இணையத்தில் நாமே எடுத்துக்கொள்ளலாம், யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் ஏறிப் போய், ஊட்டிக்குப் பதில் குன்னூரிலோ கோத்தகிரியிலோ தங்கினால் பார்க்கிங் தேடும் வேலையும் மிச்சம். மலை ரயில் ஆசை இருந்தால், மேட்டுப்பாளையத்திலிருந்து இடம் கிடைக்காவிட்டாலும் குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் ஓடும் வண்டிகளில் முயன்று பாருங்கள். குழந்தைகளுக்கு அந்தக் கொஞ்ச நேரமே போதும். தண்ணீருக்கு வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில், நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அபராதம் போடுகிறார்கள்.

தோட்டத்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். மகன் பெங்களூருவுக்கு வரச் சொல்கிறான். மாட்டை யார் பார்ப்பது, பூட்டிய வீட்டை யார் பார்ப்பது என்று வருஷா வருஷம் போகாமலே இருந்துவிடுகிறோம்.
— வாசகர், காங்கேயம்

மாடு இருக்கிற வீட்டில் இரண்டு பேரும் ஒரே நாளில் கிளம்ப முடியாது என்று என் வீட்டுக்காரி சொல்வார். அது பாதிதான் உண்மை. பக்கத்துத் தோட்டத்துப் பங்காளியிடம் முறை வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு நீங்கள் போங்கள், உங்கள் மாட்டுக்கு அவர் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றட்டும், அந்த நாட்களின் பால் காசும் அவருக்கே. அவர் வெளியூர் போகும்போது நீங்கள் பார்ப்பீர்கள். பொங்கலுக்கு மட்டும் யாரும் நகரக் கூடாது, பட்டிப் பொங்கலுக்கு மாட்டை விட்டுவிட்டுப் போனால் ஊரே பேசும்.

நகையை வங்கி லாக்கரில் வையுங்கள். போகும் தேதியையும் வரும் தேதியையும் உள்ளூர் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போனால் ரோந்து வரும்போது பார்ப்பார்கள். நாய்க்குச் சோறு வைக்கவும் வாசல் லைட்டைப் போடவும் ஒரு ஆள் வேண்டும். மகனிடமும் ஒன்று சொல்லி வையுங்கள்: "அப்பா அம்மா எங்களோட" என்று போட்டோ போட்டு ஸ்டேட்டஸ் வைப்பதை நீங்கள் ஊர் திரும்பிய பிறகு வைக்கட்டும்.

சென்னையில் சித்தப்பா மகன் வீட்டில் நாலு பேர் ஒரு வாரம் தங்கினால் லாட்ஜ் செலவு மிச்சம். தப்பா?
— வாசகர், கோவை

இரண்டு ராத்திரி என்றால் தப்பில்லை. இரண்டு பெட்ரூம் வீட்டில், தண்ணீர் லாரி வாங்கிப் புழங்குகிறவர்களிடம் ஒரு வாரம் என்பது ஜாஸ்தி. அவர் "இருங்க இருங்க" என்றுதான் சொல்வார், அவர் மனைவி முகத்தைப் பாருங்கள். மூன்றாம் நாள் காலையில் ரூமுக்கு மாறிவிடுங்கள். போகும்போது ஸ்வீட் பாக்ஸ் வாங்கிச் செலவு செய்யாதீர்கள், அங்கே ஏற்கெனவே நாலு இருக்கும். கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை இரண்டு கிலோ, செக்கில் ஆட்டின தேங்காய் எண்ணெய், ஒரு பை மட்டை உரித்த தேங்காய் கொண்டு போங்கள். சென்னைக்காரர்களுக்கு இது ஆறு மாதத்துக்கு வரும். தேங்காய்ப் பையை மேல் பெர்த்தில் வைக்காமல் சீட்டுக்கு அடியில் தள்ளுங்கள், யார் தலையிலாவது உருண்டு விழுந்துவிடப் போகிறது.