இடக்கையைக் கீழே வைக்கும் பிடிக்கு மாறுவது குறித்து

கோல்ஃபில் நான்கடித் தூரப் பட்டுகளில் (பந்தைக் குழியை நோக்கி உருட்டும் அடிகளில்) கடைசி நொடியில் வலது மணிக்கட்டு முந்திக்கொள்வதால் பந்து குழிக்கு இடப்புறம் விலகுகிறது என்றும், இடக்கையைக் கீழே வைத்துப் பிடிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வலக்கை ஆட்டக்காரரான நீங்கள் தாராளமாக மாறிப் பார்க்கலாம் என்பதே என் கருத்து. வழக்கமான பிடியில் வலக்கை கீழே இருப்பதால் வலத்தோள் சற்றுத் தாழ்கிறது. அந்தக் கை தள்ளத் தொடங்கியதும் பட்டரின் (பட்டுக்கான மட்டையின்) முகம் இடப்புறம் திரும்பிவிடுகிறது. இடக்கை கீழே வந்தால் தோள்கள் ஏறக்குறையச் சமமாவதோடு, இடது மணிக்கட்டை மடங்காமல் வைத்திருப்பதும் எளிதாகிறது. ஜோர்டன் ஸ்பீத் 2015 மாஸ்டர்ஸ் போட்டியை வென்றது இந்தப் பிடியில்தான்.

நீண்ட பட்டுகளில் தூரத்தைக் கணிக்கும் உணர்வு தொடக்கத்தில் பெரும்பாலும் மங்கிவிடும் என்பதால், முப்பது அடிக்கு மேல் பழைய பிடியையே வைத்துக்கொள்ளுங்கள். தூரத்துக்கேற்பப் பிடியை மாற்றுவதை விதிகள் தடுக்கவில்லை, 2016 முதல் தடையுள்ளது பட்டரை உடலில் ஊன்றி அடிப்பதற்குத்தான். ஒருவேளை உங்கள் சிக்கல் வலக்கையின் திடீர் துடிப்பு என்றால், செர்ஜியோ கார்சியா 2017 மாஸ்டர்ஸை வென்றபோது கையாண்ட கிளா பிடி இன்னும் பொருத்தமாக இருக்கக்கூடும். அதில் வலக்கை பட்டரை இறுகப் பற்றாமல் விரல்களால் வழிநடத்த மட்டுமே செய்கிறது. எதற்கு மாறினாலும், தோள்களின் நிலை மாறும்போது குறி பார்க்கும் கோடும் மாறக்கூடும் என்பதால், முதலில் தரையில் ஒரு நேர்கோடு வைத்துச் சரிபாருங்கள்.