எட்டுப் பேருக்கு வாங்கிக் கொடுத்த அல்பா கீ

கேள்வி: கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன், வயது 27. வெளிநாட்டுக் கொம்பனி ஒன்று செய்துகொண்டிருக்கும் ஒன்லைன் கேமை அல்பா கட்டத்திலேயே, அதாவது முடியாத சோதனை நிலையிலேயே விளையாட, போன வருடம் மார்ச்சில் அவர்களின் தளத்திலேயே 40 டொலர் கட்டி ‘ஃபவுண்டர்ஸ் பாக்’ வாங்கினேன். டிசம்பருக்குள் முழு கேமும் வரும் என்றார்கள். இப்போது மே மாதம். சேர்வர் வாரத்தில் இரண்டு நாள்தான் திறக்கிறது. அவர்களின் டிஸ்கோர்ட் அரட்டைக் குழுவில் கேட்டதற்குக் கேலி செய்து, என்னைத் தடையும் செய்துவிட்டார்கள். இரவில் தூக்கம் இல்லை. டொலர் கார்ட் இல்லாத எட்டுப் பேருக்கும் என் கார்டிலேயே கீ (கேமைத் திறக்கும் குறியீடு) வாங்கிக் கொடுத்து, தலைக்கு 1,000 ரூபா மட்டும் கூட எடுத்தேன். அதில் இருவர் 16 வயதுப் பையன்கள். ஒருவனின் தகப்பன் பொலிசுக்குப் போவதாகச் சொல்கிறார். கொம்பனி மேல் வழக்குப் போடலாமா? ‘இந்தக் கொடுப்பனவை நான் செய்யவில்லை’ என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்தால் காசு திரும்பும் என்று வேலையிடத்தில் ஒருவர் சொல்கிறார், செய்யலாமா? என் கேம் கணக்கை விற்றாவது கொஞ்சம் எடுக்கலாமா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி டிஸ்கோர்ட் சண்டை. வாசித்தேன், ஆனால் சட்டத்துக்கு அது வேண்டாம். உங்களைத் தடை செய்தவர் கொம்பனியில் சம்பளம் வாங்குகிறவரா, சும்மா நிற்கும் ரசிகரா என்பதும் வேண்டாம். போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனீர்களே ஒரு வரி, எட்டுப் பேரிடம் காசு வாங்கினேன், அதில் இருவருக்கு 16 வயது என்று. பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

கொம்பனியை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் காசு கட்டியது முடியாத ஒன்றைச் சோதித்துப் பார்க்கும் அனுமதிக்கு. அனுமதி கிடைத்தது, விளையாடியும் இருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய நிபந்தனைப் பக்கத்தில் திகதி ‘உத்தேசம்’ என்றுதான் இருக்கிறது. கேம் முடிக்கப்படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, பிணக்கு வந்தால் அவர்கள் நாட்டு நீதிமன்றம் என்றும் இருக்கிறது. ‘ஏற்கிறேன்’ என்று அமர்த்தியதும் ஒப்பந்தம்தான். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் வந்த பிறகு அதில் வாதாட ஒன்றும் இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். அது எப்போதோ முடிந்தது, வொக்ஸ்ஹோல் வீதியில் இருக்கும் அவர்களின் அலுவலகத்துக்குப் பஸ் காசு செலவழிக்க வேண்டாம்.

இதே மாதிரி வாங்கியவர்களுக்குக் காசு திரும்பியதும் உண்டு. ‘த டே பிஃபோர்’ என்ற கேம் 2023 டிசம்பர் 7 இல் ஸ்டீம் என்ற ஒன்லைன் கேம் கடையில், முடியாத நிலையிலேயே விற்பனைக்கு வந்தது. நான்கே நாளில் அதைச் செய்த கொம்பனி கடையை மூடுவதாக அறிவித்தது. வாங்கியவர்களுக்குக் காசு கிடைத்தது, ஏனென்றால் நடுவில் ஸ்டீம் இருந்தது. ஸ்டீமில் சாதாரணமாகவே 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் திருப்பிக் கேட்கலாம். நீங்களோ செய்கிறவனிடமே நேரடியாகக் கொடுத்துவிட்டீர்கள். உங்கள் 40 டொலரை மறந்துவிடுங்கள்.

இனி அந்த வங்கிப் படிவம். வேலையிடத்து நண்பரின் யோசனையைக் கேட்டு இப்படி எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு என்னிடம் வருகிறவர்கள் உண்டு.

கார்ட் நிறுவனங்களின் விதிப்படி, கட்டிய காசைத் திருப்பிக் கேட்டு வங்கியில் பிணக்கு எழுப்ப உள்ள காலம் பொதுவாகக் கொடுப்பனவிலிருந்து 120 நாள். சேவை பின்னொரு நாளில் கிடைக்க வேண்டியதென்றால் அந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். உங்களுக்குச் சாதகமாக டிசம்பர் 31 இலிருந்து எண்ணினாலும் ஏப்ரலோடு சரி. ஆக, ‘சேவை கிடைக்கவில்லை’ என்ற நேர்மையான வழி அடைபட்டுவிட்டது. ‘நான் செய்யவில்லை’ என்ற முறைப்பாட்டுக்கோ அந்த டிசம்பர் கணக்கே கிடையாது. காசு போன நாளிலிருந்துதான் எண்ணுவார்கள், 14 மாதம் கழித்து யார் கேட்பார்கள்? காசும் வராது, நீங்கள் கையெழுத்திட்ட பொய் ஒன்று மட்டும் வங்கிக் கோப்பில் கிடக்கும்.

அது பொய் என்று காட்ட வங்கிக்குப் பத்து நிமிடம் போதும். ஓ.டி.பி. உங்கள் போனுக்குத்தான் வந்தது. ஒரே தளத்துக்கு ஒன்பது தடவை கட்டியிருக்கிறீர்கள். ‘வாங்கியாச்சு மச்சான்’ என்று வட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷொட்டும் போட்டிருக்கிறீர்கள். இன்றைக்கு அந்தத் தகப்பன் பொலிசுக்குப் போனாலும் தண்டனைச் சட்டக்கோவை 398 இன்படி ஏமாற்றுதல் என்று நிறுவுவது கடினம், ஏனென்றால் காசு வாங்கும்போது உங்களுக்கு ஏமாற்றும் எண்ணம் இல்லை, சொன்ன கீயையும் கொடுத்துவிட்டீர்கள். அந்தப் படிவத்தில் கையெழுத்து விழுந்தால் கதை மாறும்.

தப்பித் தவறி வங்கி காசைத் திருப்பினாலும் கொம்பனி அந்தக் கீகளை இரத்துச் செய்யும். உண்மையான பிணக்கு எழுப்பியவர்களின் கணக்குகளையே பூட்டிய கதை அமெரிக்காவில் நடந்தது. எபிக் கேம்ஸ் என்ற கேம் கொம்பனி மேல் அந்த நாட்டு வர்த்தக ஆணையம் வைத்த குற்றச்சாட்டுகளில் அதுவும் ஒன்று, 2022 டிசம்பரில் 24.5 கோடி டொலர் கட்ட இணங்கினார்கள். அங்கே கேட்க அரசாங்கம் இருந்தது. இங்கே எட்டுப் பேரின் கீயும் செத்தால் கேட்கப்போவது உங்களைத்தான், அதோடு காசும் உங்கள் கணக்கில் வந்திருக்கும். அப்போது ‘நான் வெறும் இடையாள்’ என்று என்னால்கூட வாதாட முடியாது.

இப்போது வாதாடலாம். வளர்ந்த ஆறு பேரும் இது அல்பா என்று தெரிந்து கேட்டார்கள், நீங்கள் அவர்களுக்காக வாங்கிக் கொடுத்தீர்கள் என்பதே உங்கள் நிலைப்பாடு. அதைக் கெடுக்கக்கூடியவை இரண்டு. ஒன்று அந்த 1,000 ரூபா, அது உங்களை விற்பனையாளராகக் காட்டும். மற்றது, ‘டிசம்பரில் கட்டாயம் வரும், வராவிட்டால் நான் பொறுப்பு’ என்ற தொனியில் எங்காவது எழுதியிருக்கிறீர்களா என்பது. வட்ஸ்அப் குழுவை முதல் செய்தியிலிருந்து வாசித்துப் பாருங்கள். அழிக்க மட்டும் வேண்டாம். எட்டு போன்களில் அது இருக்கிறது, உங்கள் போனில் மட்டும் இல்லை என்றால் என்ன நினைப்பார்கள்?

பையன்கள் இருவர் விஷயத்தில் இந்த நிலைப்பாடு எடுபடாது. 18 வயது ஆகாதவர் பெற்றோர் சம்மதம் இல்லாமல் செய்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது, கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கலாம். ‘அவனுக்கு எல்லாம் தெரியும் சேர், என்னைவிட நன்றாக விளையாடுவான்’ என்று புதுக்கடை நீதிமன்றத்தில் சொல்லிப் பயனில்லை. அவர்களின் காசை முழுதாக, அந்த 1,000 ரூபாவையும் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். சமாதானமாகப் போவது கௌரவக் குறைச்சல் என்று நினைத்தால் என் கட்டணத்தைக் கேட்டுவிட்டு நினையுங்கள்.

கொடுக்கும் விதத்திலும் ஒரு குழி இருக்கிறது. தகப்பன் முறைப்பாடு செய்து பொலிஸ் கூப்பிட்டால், பயத்தில் ‘எட்டுப் பேருக்கும் அடுத்த மாதம் கொடுக்கிறேன்’ என்று வாக்குமூலத்தில் சொல்லிக் கையெழுத்திட்டுவிட்டு வருகிறவர்கள் அதிகம். கடன் வசூலிப்பது பொலிசின் வேலை இல்லை, ஆனால் அந்த வாக்குறுதியைக் காட்டி மற்ற ஆறு பேரும் உங்கள் வாசலுக்கு வருவார்கள். அதனால் கூப்பிடும் முன்பே போய்ப் பெற்றோரைப் பாருங்கள். வங்கி மூலமாகவே கட்டுங்கள். ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டோம், இனிக் கோரிக்கை இல்லை’ என்று பெற்றோரின் கையெழுத்தோடு ஒரு பற்றுச்சீட்டு எடுங்கள். மன்னிப்புக் கேட்டு வட்ஸ்அப்பில் நீளமாக எழுத வேண்டாம்.

மற்ற ஆறு பேருக்கும் அந்த 1,000 ரூபாவை மட்டும் திருப்பித் தருவதாக, மேலே ‘உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்று போட்டு ஒரு சிறு கடிதம் எழுதலாம். அப்படி நிபந்தனை வைத்துச் செய்யும் ஒப்புதலைச் சிவில் வழக்கில் உங்களுக்கு எதிராகக் கொண்டுவர முடியாது, சான்றுக் கட்டளைச் சட்டம் 23 ஆம் பிரிவு. ஏற்காதவர் மத்தியஸ்த சபைக்குப் போகட்டும், போய் உட்காருங்கள். பாதிக்கு முடியுமென்றால் முடித்துவிடுங்கள்.

கணக்கை விற்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நிபந்தனைகளில் அது தடை, கண்டுபிடித்தால் கணக்கை மூடுவார்கள். வாங்கியவர் ஒன்பதாவது ஆளாக வந்து நிற்பார்.