வீட்டுக்கு வானம் தோண்டும்போது முதுமக்கள் தாழி கிடைத்தால் நிலம் போய்விடுமா?

வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும்போது பெரிய பானையின் வாய் தெரிந்தது, அது முதுமக்கள் தாழி, அதாவது பழங்காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த பானை என்றால், வெளியே சொன்னால் அரசாங்கம் மனையை எடுத்துக்கொள்ளுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு தாழி கிடைத்ததாலேயே மனை பாதுகாக்கப்பட்ட இடமாகிவிடாது. அதற்கு முறைப்படி அறிவிக்கை வெளியிட வேண்டும். 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி ஆட்சேபம் சொல்ல 2 மாத அவகாசமும் உண்டு. 100 மீட்டருக்குள் கட்டக் கூடாது என்று பேசிக்கொள்கிறார்களே, அது ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றித்தான். வேலை கொஞ்சம் தள்ளிப்போகலாம், கொத்தனாருக்குச் சும்மா கூலி போகலாம். அந்த எரிச்சல் நியாயம்தான்.

என் கவலை வேறு. நான் தாமிரபரணிப் பக்கத்துக்காரன். இங்குள்ள ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டில் தங்க நெற்றிப் பட்டம் எடுத்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் தாழி என்றாலே கடப்பாரையைத் தூக்கிவிடுவார்கள். உள்ளே எலும்பும் மண்ணும்தான் என்றதும் கொட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். கொட்டிய அந்த மண்ணில்தான் விஷயமே இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தாழிக்குள் இருந்த நெல் உமியை வைத்துத்தான் கி.மு. 1155 என்று காலம் கணித்தார்கள். பழனிப் பக்கம் பொருந்தலில், ஈமக்குழியில் இருந்த ஜாடியில் சுமார் 2 கிலோ நெல் கிடைத்தது; அதன் காலம் கி.மு. 490 என்று வந்தது. தாழியைக் கிளறிவிட்டால் அப்புறம் எந்த ஆய்வகமும் ஒன்றும் சொல்ல முடியாது.

சரி, நிஜமாகவே தங்கமோ காசோ வந்தால்? 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் இருக்கிறது. மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போகும், 1 ஆண்டு வரை சிறையும் உண்டு. உரிமையாளர் யாருமில்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. கண்டெடுத்தவர் உங்கள் சித்தாளாகக்கூட இருக்கலாம், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்! அரசே வைத்துக்கொள்வதென்றால் பொருளின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித் தர வேண்டும்.

இப்போதைக்கு அந்த மூலையில் மட்டும் தோண்டுவதை நிறுத்துங்கள். தாழியை வெளியே தூக்க வேண்டாம். பக்கத்தில் டேப்பைப் பிடித்து ஆழம் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். விஏஓவிடம் சொல்லி, தாசில்தாருக்கு எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மழை வருகிற மாதிரி இருந்தால் தார்ப்பாய் போட்டு மூடினால் போதும்.