எம்.டி. 90 டப்பட் சத்தம்: வீட்டிலேயே செய்யலாமோ?

ஓம் தம்பி, செய்யலாம்.

நீர் கேட்டது இதுதானே: அப்பப்பா ஓடின கொண்டா எம்.டி. 90 மோட்டச்சைக்கிள், காலமை ஸ்டார்ட் பண்ணினால் தையல் மெசின் மாதிரி 'டிக் டிக்' எண்டுது, கராஜில எட், அதாவது எஞ்சின்ரை தலைப்பாகம், இறக்கவேணும் எண்டு சொல்லிப்போட்டினம், வீட்டிலேயே டப்பட்டை வைச்சுப் பாக்கலாமோ எண்டு. (டப்பட் எண்டது, எஞ்சினுக்குள்ளை வால்வை அமத்திற கைக்கும் வால்வின்ரை தண்டுக்கும் நடுவில இருக்கிற சின்ன இடைவெளியை வைக்கிற திருகாணி.) இதுக்கு மட்டும் எண்டால் ஆரும் ரெண்டு வரியில பதில் சொல்லிப்போடுவினம். கேள்வியின்ரை கடைசியில 'சத்தமே வராமல் இருக்க எவ்வளவு இறுக்கவேணும்' எண்டு ஒண்டு போட்டிருக்கிறீர் பாரும், அதைக் கண்டுதான் நித்திரையை விட்டிட்டு எழுதுறன். நீர் கம்பஸ் படிக்கிற பெடியனாயிருக்கவேணும், கையில காசும் மட்டு, எட் இறக்கிற செலவைக் கேட்டு நெஞ்சிடிச்சிருக்கும். விளங்குது.

2022 இல நானும் அப்பிடித்தான் இறுக்கினனான். எரிபொருள் தட்டுப்பாட்டில பெற்றோல் செட்டில நிரையில நிண்டு காஞ்சு, பிறகு கியூஆர் பங்கீடு வந்து மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் எண்டு தந்த காலம். ஒவ்வொரு துளியும் கணக்கு. எங்கடை ஒழுங்கையில இருக்கிற ஒருத்தர், 'டப்பட் லூசாக் கிடந்தால் பெற்றோல் கூடக் குடிக்கும் அண்ணை, ஒருக்கா இறுக்கிவிடுங்கோ' எண்டார். என்னட்டை அப்ப பீலர் கேஜும் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகட்டுக் கட்டு) இல்லை. காதாலை கேட்டுக் கேட்டு, சத்தம் நிக்குமட்டும் திருகினன். நிண்டுது. எஞ்சின் ஓடுறதே தெரியேல்லை. மனுசி படலையடியில வந்து, 'என்னப்பா, நூத்துப்போட்டீங்களோ?' எண்டு கேட்டா. எனக்குப் பெருமை தாங்கேல்லை.

மூண்டாம் நாள் நெல்லியடியில ஒரு கலியாணவீடு. பட்டுச்சீலையோடை மனுசி பின்னாலை, மடியில பரிசுப் பெட்டி. கோப்பாய், நீர்வேலி எல்லாம் வடிவா ஓடிச்சுது. ஆவரங்கால் தாண்டேக்கை இழுவை குறையிற மாதிரிக் கிடந்தது, எதிர்க்காத்து எண்டு நினைச்சன். வல்லை வெளியில காத்துக்கு என்ன குறைச்சல். முனியப்பர் கோயிலடியில எல்லாரும் போலை நிப்பாட்டிக் கும்பிட்டுட்டு வந்து கிக்கரை உதைச்சால், கால் சும்மா கீழை போகுது. பிடிப்பே இல்லை. ஓட்டைப் பம்மிலை காத்தடிச்ச மாதிரி. பிளக்கைக் கழட்டித் துடைச்சன், நெருப்பு வருது. பெற்றோலும் கிடக்கு. உதைக்கிறன், உதைக்கிறன், வேட்டி அவிழுது. அந்த வெளியில ஒதுங்க ஒரு மரம் இல்லை. மனுசி ஒண்டும் பேசேல்லை, பேசியிருந்தால் பரவாயில்லை.

முக்கால் மணித்தியாலம் கழிச்சு ஒரே உதையில ஸ்டார்ட். அதுக்குள்ளை ரெண்டு பேர் முனியப்பருக்குக் கற்பூரம் கொளுத்தச் சொல்லி, நானும் கொளுத்தியிருந்தன். (பக்தியை நக்கலடிக்கிறன் எண்டு கீழை ஆரும் எழுதவேண்டாம். இண்டைக்கும் அதாலை போனால் இறங்காமல் போறதில்லை.) ஆனால் நடந்தது என்னெண்டால் எஞ்சின் ஆறினது. வால்வின்ரை தண்டு சூட்டில நீளும். அது நீளுறதுக்குத்தான் கொண்டாக்காரன் அந்த இடைவெளியை விட்டிருக்கிறான். நான் இடைவெளியே இல்லாமல் இறுக்கினபடியால், சூடு ஏறினதும் வால்வு முழுசா மூடாமல் நிண்டிட்டுது. அமுக்கம் எல்லாம் அதாலை வெளியில போட்டுது. பிறகெங்கை ஸ்டார்ட் வாறது? இன்னும் பத்து நாள் அப்பிடியே ஓடியிருந்தால் சைலன்சர் பக்கத்து வால்வு எரிஞ்சிருக்கும். ஏனெண்டால் அது தன்ரை சூட்டைக் கூடுதலா இறக்கிறதே மூடியிருக்கேக்கை, தன்ரை சீற்றில (எட்டில வால்வு வந்து பொருந்திற வளையத்தில) குந்தியிருக்கிற நேரத்திலதான். குந்தவே விடாட்டி அது என்ன செய்யும்.

'டிக் டிக்' எண்டால் இடைவெளி இருக்கெண்டு அர்த்தம். கூடிப்போனாலும் பிழைதான், இழுவை குறையும், பாகங்கள் அடிபட்டுத் தேயும், அதை நான் இல்லையெண்டேல்லை. ஆனால் அது கத்திச் சொல்லும். இறுகின டப்பட் மூச்சுக் காட்டாது.

என்ரை மாமா தொண்ணூறுகளில, பொருளாதாரத் தடை நேரம், கொண்டா சி 90 மோட்டச்சைக்கிள் ஒண்டை மண்ணெண்ணெயில ஓடினவர். கொஞ்சப் பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் பண்ணி, சூடேற மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. அவரிட்டைக் கேஜ் இல்லை, சவரம் செய்யிற பிளேட்டைத்தான் டப்பட்டுக்குள்ளை விட்டுப் பாப்பார். பிளேட் கிட்டத்தட்ட 0.1 மி.மீ. கொண்டா சொல்லுறது 0.05. அப்ப மாமாவின்ரை சைக்கிள் எப்பவும் இரண்டு மடங்கு லூஸ். ஒழுங்கை முகப்பிலை அவர் திரும்பேக்கையே சத்தம் கேட்டு அம்மா தேத்தண்ணிக்குக் கேத்திலை வைப்பா. அந்த மண்ணெண்ணெய்ப் புகையுக்குள்ளையும் அவர் ஒரு வால்வும் எரிக்கேல்லை. நான் அதைச் சின்னனில பாத்து வளர்ந்தும் பிறகு போய் இறுக்கினன் பாரும்.

சரி, வேலைக்கு வாறன். முதல் நாள் இரவு நிப்பாட்டினால் விடியத்தான் தொடவேணும், எஞ்சின் கையுக்குக் குளிரவேணும். மேலையும் கீழையும் இருக்கிற ரெண்டு டப்பட் மூடியையும் சுத்திக் கிடக்கிற மண்ணை முதல் பழைய தூரிகையாலை தட்டும், பிறகு மண்ணெண்ணெய்ச் சீலையாலை துடையும். எங்கடை ஊர் மணல் ஒரு சிமிட்டி உள்ளை போனால் காணும். இந்த எஞ்சின் படுத்துக் கிடக்கிற எஞ்சின், சைலன்சர் வால்வு கீழ்ப்பக்கம். அந்த மூடியைத் திறக்க ஒயில் கொஞ்சம் ஒழுகும், ஒரு மீன் ரின்னை வையும்.

பிளக்கையும் கழட்டும், அப்பத்தான் கையாலை சுத்த லேசு. இடதுபக்க மூடியைக் கழட்டினால் பிளைவீல், எஞ்சினோடை சேர்ந்து சுத்திற சில்லு, தெரியும். அதை வலப்பக்கம் சுத்தாமல் இடப்பக்கமாச் சுத்தவேணும், அதாவது மணிக்கூட்டுக்கு எதிராய். அதிலை ரெண்டு எழுத்து வரும், 'எஃப்' (F), 'டீ' (T). எங்களுக்கு வேண்டியது டீ. அதைக் கேசில இருக்கிற கோட்டுக்கு நேரை நிப்பாட்டவேணும்.

இதிலதான் எல்லாரும் விழுறது. டீ ரெண்டு தரம் வரும். ஒண்டில ரெண்டு வால்வும் மூடியிருக்கும், மற்றதில ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் திறந்திருக்கும். திறந்த நேரத்தில நிண்டு, 'ஐயோ இறுகிக் கிடக்கே' எண்டு இளக்கினீர் எண்டால் பிறகு ஸ்டார்ட் பண்ண உலக்கை இடிச்ச மாதிரி இருக்கும். அதையும் செய்திருக்கிறன், ஒளிக்க என்ன. மேல் டப்பட்டைப் பாத்துக்கொண்டு சுத்தும்: அது ஒருக்கா உள்ளை அமத்தி, திரும்பி எழும்பி வரும். அதுக்குப் பிறகு வாற முதல் டீதான் சரியான டீ. விரலாலை ரொக்கர், அதுதான் வால்வை அமத்திற கை, ரெண்டையும் ஆட்டிப்பாரும், ரெண்டும் ஒரு மயிரிடை ஆடவேணும்.

பிறகு 0.05 தகட்டை விடும். தகடு இழுபட்டு வரவேணும், எண்ணெய் பூசின நோட்டுத்தாளை ரெண்டு விரலுக்கிடையில உருவிற மாதிரி. சும்மா வழுக்கி வந்தால் லூஸ், வளைஞ்சு நிண்டால் இறுக்கம். லொக் நட்டை இளக்கி, நடுவில இருக்கிற சதுரத் தலை ஊசியைத் திருப்பி வையும். அந்தச் சதுரத்தைக் குறட்டாலை பிடிக்காதையும், மூலை மழுங்கினால் பிறகு அழவேண்டியதுதான். நட்டை இறுக்கேக்கை ஊசியும் சேர்ந்து கொஞ்சம் திரும்பும். அதாலை இறுக்கினாப் பிறகு திரும்பத் தகட்டை விட்டுப் பாக்கவேணும். எனக்கு முதல் தரம் ஒரு டப்பட்டுக்கு ஆறு முறை எடுத்தது. மூடியளின்ரை ரப்பர் வளையம் காஞ்சு போயிருந்தால் புதுசு போடும், சில்லறைக் காசு.

இந்த 0.05 எம்.டி. 90 க்கும் சி 90 க்கும். பல்சர்க்காரர் சண்டைக்கு வரவேண்டாம், உங்களுக்கு உங்கடை புத்தகத்தில இருக்கிற கணக்கு. சில புது எஞ்சினில திருகிறதுக்கு ஊசியே இல்லை, அதிலை கை வைக்கவேண்டாம்.

கராஜ்காரர் எல்லாம் பொய்க்காரர் எண்டும் நான் சொல்லேல்லை. டப்பட் சரியா வைச்சும் கிக்கர் வெறுமனே போகுதெண்டால் அவை சொன்னது உண்மை, எட் இறக்கத்தான் வேணும். சத்தம் 'டிக் டிக்' எண்டில்லாமல் சரசரவெண்டு இழுபட்டு வந்தால் உள்ளை இருக்கிற டைமிங் செயினையும் பாக்கச் சொல்லும். ஆனால் மூடியைக்கூடத் திறந்து பாக்காமல் எட் எண்டு சொன்னால், இன்னொரு இடத்திலையும் கேளும்.

கேஜ் வாங்கிறதெண்டால் ரவுணில எந்தப் பார்ட்ஸ் கடையிலையும் கிடைக்கும், 0.05 தகடு இருக்கோ எண்டு பாத்து வாங்கும். இரவல் கேக்காதையும். குடுக்கவும் குடுக்காதையும். நான் வல்லையால வந்து அடுத்த நாளே வாங்கின கேஜை, இறுக்கச் சொன்ன அதே மனுசன் இரவல் வாங்கிக்கொண்டு போய், ரெண்டு மாதம் கழிச்சுத் தந்தார். எல்லாத் தகடும் இருக்கு, 0.05 மட்டும் சுருண்டு போய்க் கிடக்கு. பிளக்கில கரி சுரண்டினவராம். போன வரியம் ஏணியும் அப்பிடித்தான், ஒரு படி இல்லாமல் வந்தது. துருவலை இன்னும் வரேல்லை. கேட்டால் நாங்கள் கஞ்சப்பிசினாறி. ஒழுங்கைக்குள்ளை இருக்கிறபடியால் முகத்தை முறிக்கவும் ஏலாது. இவ்வளவும் எழுதுறன், அவர் இதை வாசிச்சாலும் வாசிக்கட்டும்.

நீர் கோண்டாவில், திருநெல்வேலிப் பக்கம் எண்டால் உள்பெட்டியில ஒரு வரி போடும். ஞாயிறு விடிய, எஞ்சின் குளிரோடை உருட்டிக்கொண்டு வாரும், ஸ்டார்ட் பண்ணி ஓடிக்கொண்டு வராதையும். புதுக் கேஜ் இருக்கு. முத்தத்திலை வைச்சுச் செய்யலாம், வீட்டை கொண்டுபோகத் தரமாட்டன்.