சுப்பர் மார்க்கெட் ஓடருக்காக அம்மாவின் ஈ.பி.எஃப். காசை எடுக்கலாமா?

கேள்வி: அட்டனில் நாங்கள் மூன்று நண்பர்கள் சேர்ந்து தேயிலைத்தூளை 200 கிராம் பக்கெட்டுகளாகக் கட்டி, சொந்தப் பெயரில் விற்கிறோம். பக்கெட் ஒன்று எங்களுக்கு 390 ரூபாயில் முடிகிறது. கொழும்பில் ஒரு சுப்பர் மார்க்கெட் 470 ரூபாய்ப்படி மாதம் 1,500 பக்கெட் கேட்கிறது, ஆனால் பணம் 60 நாள் கழித்துத்தான். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற அம்மாவுக்கு ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசு 12 இலட்சம் வந்திருக்கிறது. அதில் 6 இலட்சத்துக்கு ஒரு பொதியிடும் மெஷின் வாங்கலாமா? கம்பனியாகப் பதிய வேண்டுமா?

பதில்: மெஷினையும் பதிவையும் பிறகு பார்ப்போம். அந்த 60 நாள்தான் முதலில் யோசிக்க வேண்டியது.

மாதம் 1,20,000 ரூபாய் இலாபம் என்று நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள். அது சரிதான். ஆனால் ஏப்ரல் முதலாம் திகதி அனுப்பும் சரக்குக்குப் பணம் வர மே மாதக் கடைசியாகிவிடும். அதற்குள் மே சரக்கும் போயிருக்கும், ஜூன் சரக்குக்குத் தூளும் பையும் வாங்கியிருப்பீர்கள். முதல் செக் கைக்கு வருமுன்பே மூன்று மாதச் செலவு, அதாவது 17 இலட்சத்து 55 ஆயிரம் ரூபாய், வெளியே போய்விடும். அம்மாவின் பணம் முழுவதையும் போட்டாலும் இன்னும் ஐந்தரை இலட்சம் தேட வேண்டும். மெஷின் செலவு இதற்கு மேல். கொப்பியில் இலாபம் ஏறிக்கொண்டே இருக்க, கையில் காசு இல்லாமல் போவது இப்படித்தான்.

இன்னொன்று: 60 நாள் எந்த நாளிலிருந்து? சரக்கு இறங்கிய நாளா, பில்லை அவர்கள் ஏற்றுக்கொண்ட நாளா? விற்காத பக்கெட்டைத் திருப்பி அனுப்புவார்களா, அந்தப் போக்குவரத்துச் செலவு யாருடையது? எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். வாயால் சொன்னது, அந்த அதிகாரி வேறு கிளைக்கு மாறினால் அவரோடே போய்விடும்.

என் யோசனை, முதலில் சில கிளைகளுக்கு மட்டும் மாதம் 500 பக்கெட் தருவதாகப் பேசுங்கள். அப்போது மூன்று மாதத்துக்கு முடங்குவது 5 இலட்சத்து 85 ஆயிரம். 30 நாள் தவணையும் கேட்டுப் பாருங்கள், கேட்பதில் நட்டமில்லை. ஒத்துக்கொண்டால் முடங்கும் தொகை 4 இலட்சத்துக்குள் அடங்கும். இரண்டுக்கும் மறுத்தால் ஓடரை விடுங்கள். உள்ளூர்க் கடைகளுக்கும் நேரடி வாடிக்கையாளருக்கும் கைக்காசுக்கு விற்பதே இப்போது உங்களுக்கு வலு.

மெஷின் வேண்டாம். தராசும் கையால் அழுத்தும் சீலரும் இருந்தால் ஒருவர் நிதானமாகக் கட்டினாலும் நாளைக்கு நூறு பக்கெட் தாராளமாக முடியும். 1,500 பக்கெட்டுக்குப் பதினைந்து நாள் போதும், மெஷின் வாங்கினால் அது பெரும்பாலான நாள் சும்மா கிடக்கும். உங்கள் கையிலுள்ள காசில் கொஞ்சத்தை நல்ல அலுமினியத்தாள் பைக்கும் காற்றுப் புகாத கொள்கலனுக்கும் போடுங்கள். உங்கள் பக்கம் திம்புள தேயிலையின் தரமான பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. அந்தத் தூளை மொத்தமாக வாங்கி வைத்தால், அடுத்து வரும் தென்மேற்குப் பருவமழையில் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பெட்டியில் கிடக்கும் தூளும் முடங்கிய காசுதான் என்பதால், அளவோடு வாங்குங்கள்.

அம்மாவின் பணத்தில் நான் கை வைக்க மாட்டேன். தோட்டத்து லயன் வீட்டுக்கு உங்கள் பெயரில் உறுதிப் பத்திரம் இல்லையென்றால், வங்கியில் ஈடு வைக்கக் காணி கிடையாது. நகையும் அந்த 12 இலட்சமும்தான் குடும்பத்தின் மொத்த அரண். அதை அம்மா பெயரிலேயே நிலையான வைப்பில் போடுங்கள். வைப்பின் மேல் வங்கிகள் கடன் தரும். உறுதியான ஓடருக்கு மட்டும், அம்மாவின் முழுச் சம்மதத்தோடு, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் எடுக்கலாம். கடன் வட்டி, வைப்பு வட்டியைவிடச் சற்றுக் கூடும், ஆனாலும் எவ்வளவு வரை இழக்கலாம் என்று ஒரு கோடு போட்ட மாதிரி இருக்கும்.

பதிவுக்கு வருவோம். இப்போதைக்கு மூவரும் கூட்டாகச் செய்யும் பங்குடைமை போதும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு பற்றி விசாரியுங்கள். கம்பனியின் இலாபத்துக்குப் பொதுவாக 30 சதவீத வரி, செயலாளர், கணக்காய்வுச் செலவு வேறு. தனிநபருக்கு 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் வரை வருமான வரி விலக்கு உண்டு. கம்பனி என்றால் கடன் உங்கள் தலையில் விழாது என்பார்கள். ஆனால் சின்னக் கம்பனிக்குக் கடன் தரும் வங்கி பெரும்பாலும் பணிப்பாளர்களின் தனிப்பட்ட பிணையையும் கேட்கும். பங்குடைமையில் ஒரு நண்பர் வாங்கிய கடனுக்கு மூவருமே பொறுப்பு என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒப்பந்தத்தை எழுதித்தான் ஆக வேண்டும். மூலதனம் 1,000 ரூபாய்க்கு மேற்பட்டால் பங்குடைமை எழுத்தில் இருக்க வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், இன்றும் நடைமுறையில் உள்ளது. ஒருவர் விலகினால் அவர் பங்கை எப்படி மதிப்பிடுவது, யார் கையெழுத்தில் காசு எடுக்கலாம் என்ற இரண்டையும் கட்டாயம் சேருங்கள். பக்கெட்டில் அச்சிடும் பெயர் யாருடையது என்றும் எழுதுங்கள். வியாபாரப் பெயர்ப் பதிவு வர்த்தகக் குறியைக் காக்காது, அதைத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் தனியாகப் பதிய வேண்டும்.

அப்புறம், பொதி கட்ட ஒரே ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தாலும் ஈ.பி.எஃப். 12 சதவீதம், ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதம் உங்கள் பங்கு. 30,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு அது 4,500 ரூபாய். நீங்கள் சொன்ன 390 ரூபாயில் இது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசப் போங்கள்.